ஆவுடையம்மாள் வீட்டுப் பச்சைத் தண்ணீர்

நயினாருடைய கழுத்து ரத்தக்குழாயில் இருந்த அடைப்பை எடுப்பதற்காகத் திருநெல்வேலி ஆஸ்பத்திரி ஒன்றில் ஊசி வழியாக உள்ளே விட்ட முந்நூற்றுப் பன்னிரண்டு குட்டி நீச்சல் ரோபோக்களும், பாதி வேலையை முடித்துவிட்டு, மறுநாள் காலை அவர் வீட்டுத் தொட்டியருகே நின்று விட்ட ஒரு பெரிய கொட்டாவியில் கண்ணோரம் கசிந்த நீரோடு வெளியே வந்து, தொட்டியில் விழுந்து, குழாய்க்குள் ஏறி, வருகிற தண்ணீருக்கு எதிராகவே மூன்று தெருக்களை நீந்திக் கடந்து, அவருடைய தங்கை ஆவுடையம்மாள் அடுப்படியில் பிடித்து வைத்திருந்த பித்தளைக் குடத்தில் போய் இறங்கிவிட்டன. வெள்ளியம்பாறையில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் குழாய்த் தண்ணீர் வரும். அன்றைக்குத் தண்ணீர் வரும் நாளாக இருந்ததால் அவற்றுக்கு வழி லேசாகக் கிடைத்தது.

ஏன் அந்தக் குடத்துக்குப் போயின என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. கிளம்பினவர்கள் எங்காவது போய்ச் சேரத்தானே வேண்டும். ஊர் கேட்டதெல்லாம், குடத்தைத் தட்டு போட்டு மூடலாமா, மூடினால் உள்ளே இருக்கிறவற்றுக்கு மூச்சு முட்டுமா என்பதுதான்.

ஆவுடையம்மாளுக்கு விஷயம் தெரிந்தது பதினோரு மணிக்கு. ஆஸ்பத்திரி வேன் ஒன்று தெருவுக்குள் வந்து, கையில் கீச்கீச்சென்று கத்துகிற ஒரு கருவியைப் பிடித்தபடி டாக்டர் மெர்சி இறங்கி, கருவி காட்டிய வழியே வாசலைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, நேராக அடுப்படிக்குள் நுழைந்து குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"எல்லாரும் இங்கதான் இருக்காங்க" என்றார் டாக்டர், காணாமல் போன பிள்ளைகளைக் கண்டுபிடித்த வாத்தியாரம்மா குரலில்.

ஆவுடையம்மாளும் எட்டிப் பார்த்தாள். கடுகை நாலாக உடைத்தால் ஒரு துண்டு எவ்வளவோ, அவ்வளவு இருந்தது ஒவ்வொன்றும். அகலமான குழாயில் வட்டத் தட்டாகப் போகும், குறுகின இடத்தில் நூலாக நீளும், அடைப்பைக் கண்டால் திருகாணியாக முறுக்கிக்கொண்டு துருவும் என்று டாக்டர் விளக்கினார். அப்போது அவை அப்படி ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை. அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, முந்நூற்றுப் பன்னிரண்டும் வெண்டைக்காய் வில்லைகளாக மாறி, நடுவில் ஓட்டையெல்லாம் வைத்துக்கொண்டு, சும்மா மிதந்தன.

"எடுத்துட்டுப் போயிருங்கம்மா" என்றாள் ஆவுடையம்மாள்.

டாக்டர் பாட்டிலில் மொண்டு எடுத்துக்கொண்டு போனார். வாசற்படியைத் தாண்டியதும் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. அவை குடத்துக்குள் திரும்பி வந்து மறுபடி வெண்டைக்காயாக இருந்தன. குடத்தையே வேனில் ஏற்றிப் பார்த்தார்கள். குடம் படியைத் தாண்டியது, அவை தாண்டவில்லை. அடுப்படியில் தோசைமாவுச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த சொம்பில் உட்கார்ந்திருந்தன. ஐந்து முறை முயன்று வேர்த்துப் போன டாக்டர் மெர்சி, அம்மிக்கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு ஒரு முடிவுக்கு வந்தார்.

"அவரே இங்க வந்து இந்தத் தண்ணிய ஒரு வாய் குடிக்கணும். அது போதும். உள்ள போனா அவங்களுக்கு வழி தெரியும். புதுசா வரவழைக்க நாப்பது நாள் ஆகும். அவர் நெஞ்சு இருக்கிற நிலைமைக்கு மயக்கம் குடுத்து ஆபரேஷனும் பண்ண முடியாது. பத்து நாளுக்குள்ள மிச்ச அடைப்பை எடுக்கலைன்னா வாய் கோணும், கை விழும், அதுக்கு மேலயும் ஆகும். ஒரு வாய் தண்ணிதானேம்மா. உங்க அண்ணன்தானே?"

வாசலில் கூடியிருந்த ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் தொண்டையைச் செருமியது.

விஷயம் இதுதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஆவுடையம்மாளின் மூன்று வயசு மகள் செண்பகவடிவுக்குக் காது குத்து வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் நயினார் ஒன்பது தட்டுச் சீரோடு காரில் வரும்போது ரயில்வே கேட் அடைத்துவிட்டது; ஒரு சரக்கு ரயில், அதற்குப் பின்னால் ஒரு பாசஞ்சர், அதற்குப் பின்னால் இன்னொரு சரக்கு ரயில். இங்கே நல்ல நேரம் முடிய நாலு நிமிஷம் இருந்தது, ஆசாரி ஊசியைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார், பிள்ளை வீறிட்டது, ஆளாளுக்குக் கத்தினார்கள், கடைசியில் பக்கத்தில் கரண்டியோடு நின்ற சமையல் மாஸ்டரைப் பிடித்து உட்கார வைத்து அவர் மடியில் பிள்ளையைப் போட்டுக் காதைக் குத்திவிட்டார்கள். நயினார் ஒன்பது தட்டோடு உள்ளே நுழைந்தபோது தாய்மாமன் இடத்தில் சாம்பார் வாடையோடு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார்.

"இந்த வீட்டுப் பச்சைத் தண்ணி இனி என் தொண்டையில எறங்காது" என்று நயினார் சபை நடுவே சொன்னார்.

"நீயா வாயத் தொறந்து கேக்காம நானும் ஊத்த மாட்டேன்" என்று ஆவுடையம்மாளும் சபை நடுவே சொன்னாள்.

அவ்வளவுதான். மூன்று தெரு தள்ளி இருந்துகொண்டு பதினெட்டு வருஷம் ஒரு சொல் பேசவில்லை. நயினார் பெண்டாட்டி செத்தபோது ஆவுடையம்மாள் போய் நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள், அவர் முகத்தைப் பார்க்காமல் திரும்பினாள். செண்பகவடிவு கல்யாணம் மண்டபத்தில் நடந்தபோது நயினார் வந்தார், தாய்மாமன் செய்ய வேண்டியதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார், தாகத்துக்கு எதிர்த்த டீக்கடையில் போய் சோடா குடித்தார். வீம்பில் அண்ணனும் தங்கையும் ஒரே அச்சு. ஊருக்கு அது பழகிப் போயிருந்தது. இப்போது குடத்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்து உட்கார்ந்துகொண்டு அந்தப் பழக்கத்தைக் கெடுத்தார்கள்.

ஊர் அவற்றுக்கு உடனே ஒரு பெயர் வைத்துவிட்டது: சின்னவுக. வாய்க்குள் நுழையாத இங்கிலீஷ் பெயர் ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த காகிதம், பால்காரர் கணக்குச் சீட்டோடு சேர்ந்து எங்கேயோ போய்விட்டது. "சின்னவுக சாப்பிட்டாவளா?" என்று போகிறவர்களும் வருகிறவர்களும் ஆவுடையம்மாளிடம் விசாரித்தார்கள். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தவர்கள் தலைக்கட்டுக் கணக்கில் சின்னவுகளைச் சேர்ப்பதா என்று யோசித்து, மீசை முளைக்காத ஆட்களுக்கு வரி இல்லை என்று விட்டுவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ஒருவர் உறையின் மேல் 'ஆவுடையம்மாள் மற்றும் குடத்திலுள்ளோர்' என்று எழுதிக் கொண்டுவந்தார். தன் மூட்டுவலிக்கு ஆகும் என்று பத்திர எழுத்தர் கொம்பையா, யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு டம்ளர் மொண்டு குடித்தார். அடுத்த நொடியே ஒரு தும்மல் வந்தது, மூக்கு வழியாக வந்த அத்தனை பேரும் குடத்துக்குள் குதித்துவிட்டு, கொஞ்ச நேரம் அவருடைய மூக்குப்பொடி டப்பி வடிவத்தில் நின்று காட்டிக் கொடுத்தார்கள்.

இந்தக் கொம்பையாதான் மறுநாள் டீக்கடை பெஞ்சில் வழக்கை எடுத்துக்கொண்டார். ஒரு சொல்லுக்கு எத்தனை பக்கம் உண்டு என்று பார்த்தே நாற்பது வருஷம் பிழைத்தவர். நயினாரும் அதே பெஞ்சில்தான் இருந்தார். தங்கை வீட்டுக்கு நேர் எதிரே, தினமும் காலையில் வந்து உட்கார்ந்து, அந்த வாசலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

"ஒம்ம வாக்கு என்ன? இந்த வீட்டு, பச்சைத் தண்ணி, தொண்டையில, எறங்காது. சரிதானே?" என்றார் கொம்பையா. "பச்சைத் தண்ணிதானே ஆகாது? கொதிக்க வெச்சா?"

கொதிக்க வைத்தால் சின்னவுக செத்துப்போவார்கள் என்று டாக்டர் போனில் சொன்னார். மோராக்கலாம் என்று குடத்துத் தண்ணீரில் கொஞ்சம் தயிரை விட்டுக் கடைந்தார்கள். சின்னவுக வெண்ணெயில் ஒட்டிக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தூங்கினார்கள். ஆவுடையம்மாள் ஒவ்வொருவராகக் கழுவி எடுக்க வேண்டியதாயிற்று.

"அப்ப தொண்டையப் பாப்போம். மூக்கு வழியா விட்டா?" என்று கேட்டார் கொம்பையா.

மூக்குக்கு நயினார் சம்மதித்துவிட்டார். மூக்கைப் பற்றித் தான் ஒன்றும் சொல்லவில்லையே என்றார். ஆனால் மூக்கில் விட்டாலும் தொண்டையைத் தாண்டித்தான் போகும் என்று டாக்டர் சொல்ல, கொம்பையா போனை வாங்கி, தொண்டை எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது, கிழக்கே மேற்கே எல்லை என்ன என்று முக்கால் மணி நேரம் வாதாடி, கடைசியில் டாக்டரே போனை வைத்துவிட்டார்.

ஆவுடையம்மாள் இதையெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் முகத்தில் ஒரு பக்கம் லேசாகத் தொய்ந்திருப்பதை அவள் ஜன்னல் கம்பிக்குள்ளிருந்தே பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாத அந்தத் தொய்வு அவளுக்குத் தெரிந்தது.

"நீயே கொண்டு போயி, படியில வெச்சாவது குடுத்துரேன்" என்றார் அவள் புருஷன் சங்கரபாண்டி.

"படியில நின்னு கேக்கட்டும். உள்ளகூட வர வேண்டாம். 'தண்ணி'ன்னு ஒத்தச் சொல்லு. ஒத்தச் சொல்லுக்கு என்ன கேடு?"

"கேட்டா அவுக தோத்த மாதிரி ஆயிரும்லா."

"கேக்காம குடுத்தா நான் தோத்த மாதிரி ஆயிரும்லா?"

சங்கரபாண்டி மின்வாரியத்தில் லைன்மேன். எந்தக் கம்பியைத் தொடக்கூடாது என்று தெரிந்தவர். சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஆறாம் நாள் கொம்பையாவுக்கு அடுத்த யோசனை வந்தது. வாக்கில் 'இந்த வீட்டு' என்றுதானே இருக்கிறது, வீட்டை வீடில்லாமல் ஆக்கிவிட்டால்? வெயில் காலம்; ஊருக்கு ஊர் கட்சிக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் திறந்துகொண்டிருந்தார்கள். ஆவுடையம்மாளின் அடுப்படியை மட்டும் பொதுத் தண்ணீர்ப் பந்தலாக அறிவித்துவிட்டால் அது ஊர்ச் சொத்து, அங்கே யாரும் போய்த் தாகம் தீர்க்கலாம், யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி விஷயம் ஆவுடையம்மாளுக்கும் பிடித்திருந்தது. கேட்காமலும் ஊற்றாமலும் காரியம் முடிந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவளும் தலையாட்டினாள்.

அடுப்படி வாசலில் கீற்று வேய்ந்தார்கள். வாழை மரம் கட்டினார்கள். வார்டு கவுன்சிலர் வந்து ரிப்பன் வெட்டி, மிளகாய் டப்பாவுக்கும் பருப்பு டப்பாவுக்கும் நடுவே நின்று தாகம் தீர்ப்பதன் அருமை பற்றி இருபது நிமிஷம் பேசினார். வந்தவர்களுக்குத் தர்பூசணித் துண்டும் வெள்ளரிப்பிஞ்சும் கொடுத்தார்கள். நயினார் வெள்ளை வேட்டி கட்டி, பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாகப் பின்வாசல் வரை வந்து, வரிசையில் பதினான்காவது ஆளாக நின்றார். அவருடைய முறை வந்தது. டாக்டர் கருவியைக் குடத்தின் மேல் பிடித்தார். கருவி வாயே திறக்கவில்லை.

தேடிப் பார்த்தபோது சின்னவுக ஆவுடையம்மாளின் குளியலறை வாளியில் இருந்தார்கள், சோப்பு டப்பா வடிவத்தில். அடுப்படி பொதுவாகிப் போனதும், இன்னும் அவளுடையதாக மிச்சமிருந்த இடத்துக்கு மாறிவிட்டார்கள். பந்தலைப் பிரித்து, போர்டைக் கழற்றி, கவுன்சிலரை வேறு இடத்துக்கு அனுப்பி வைத்த பிறகுதான் குடத்துக்குத் திரும்பினார்கள். நயினார் திரும்பவும் பெஞ்சுக்குப் போனார். போகும்போது வலது செருப்பு காலில் நிற்காமல் நழுவி நழுவி விழுந்தது. ஆவுடையம்மாள் அதையும் பார்த்தாள்.

ஏழாம் நாள் யாருக்கும் யோசனை வரவில்லை. எட்டாம் நாளும் வரவில்லை. கொம்பையா ஆற்றாமையில் வாக்கை ஒரு தாளில் எழுதி, எழுத்து எழுத்தாகப் பார்த்து, "இவ்வளவு கெட்டியா நான்கூட ஒரு பத்திரம் எழுதுனது இல்லடே" என்று ஒப்புக்கொண்டார். ஆவுடையம்மாள் அடுப்படியில் உட்கார்ந்து குடத்துக்குள் பார்த்துச் சண்டை போட்டாள்.

"ஒங்களுக்கு என்ன, வேற வீடா இல்ல? எங்கிட்ட வந்து ஏன் இப்படி உசுர வாங்குதிய? அவனுக்குப் புத்தி சொல்லத் தெரியாதா? உள்ளதானே இருந்திய, அந்தத் திமிரையும் சேத்துத் துருவி எடுத்திருக்கக் கூடாதா?"

சின்னவுக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்ததால் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் கூடி ஒரு கையாகவும் ஒரு கன்னமாகவும் ஆனார்கள். அவள் அழுதுவிட்டாள். நாளைக்குக் காலையில் நானே போய்க் கூப்பிட்டுவிடுகிறேன் என்று நினைத்தாள். விடிந்ததும், அண்ணன் பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும், அந்த நினைப்பை விழுங்கிக்கொண்டாள். இதுதான் அவளுடைய கேடு.

ஒன்பதாம் நாள் உச்சிவெயிலில், டீக்கடையில் கொம்பையா என்னவோ கேட்க, நயினார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. இன்னொரு முறை திறந்தார். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. வலது கை மடியிலிருந்து நழுவித் தனியாகத் தொங்கியது. டீ டம்ளர் உருண்டு ரோட்டுக்குப் போனது.

அவர் எழுந்தார். பிடிக்க வந்தவர்களை இடது கையால் தள்ளிவிட்டு, வலது காலை இழுத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்தார். பஸ் ஒன்று அவருக்காக நின்றது. தங்கை வீட்டு வாசற்படியில் வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆவுடையம்மாள் ஓடி வந்தாள்.

"த" என்றார் நயினார். "த... த..."

ஊரே பின்னால் நின்று அந்தச் சொல்லுக்காகக் காத்தது. அவர் கேட்க வந்துவிட்டார். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு, ரோட்டைத் தாண்டி, படியேறி, கேட்டுவிடலாம் என்றுதான் வந்தார்; அது அவர் கண்ணில் தெரிந்தது. ஆனால் இப்போது கேட்பதற்கு வாய் இல்லை. அந்த 'த' தண்ணியா, தங்கச்சியா, தள்ளி நில்லா என்று ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. கொம்பையாவால்கூட முடியவில்லை.

அவருக்குப் பயம் வந்துவிட்டது. அவர் பயந்து ஆவுடையம்மாள் பார்த்ததே இல்லை. நிலையை விட்டுவிட்டு, படியிலேயே சரிந்து உட்கார்ந்து, நடுங்குகிற இடது கையைக் குழித்து வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"வாயத் தொறந்துல்லா கேக்கணும்னு சொல்லியிருக்கா" என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

ஆவுடையம்மாள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. உள்ளே ஓடி, அந்தப் பெரிய குடத்தை அப்படியே இடுப்பில் தூக்கி வந்து, நிலைக்கு உள்பக்கம் நின்று சாய்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. குடத்தின் வாயோரத்தில் சின்னவுக ஒருவர் பின் ஒருவராக நூலாக நீண்டு, வரிசை கலையாமல் வந்து, அவருடைய உள்ளங்கையில் இறங்கி, படியைத் தாண்டுகிறோம் என்ற எண்ணமே இல்லாமல் அவர் வாய்க்குள் போனார்கள்.

நயினார் தொண்டையில் தண்ணீர் இறங்கியது. அத்தனை பேரும் பார்க்க, குரல்வளை ஏறி இறங்கியது.

டாக்டர் வேன் வந்து சேரும்வரை யாரும் நகரவில்லை. நயினார் கழுத்தின் இடது பக்கம் தோலுக்கடியில் எறும்பு ஊர்வது போல ஒரு கோடு ஓடியது, ஓர் இடத்தில் கூடியது, சுழன்றது. டாக்டர் மெர்சி நாடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். ஆவுடையம்மாள் குடத்தைக் கீழே வைக்கவே இல்லை, இடுப்பிலேயே வைத்திருந்தாள், பிள்ளையை வைத்திருப்பது போல. "எண்ணே, எண்ணே" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் உதடு நேரானது. வலது கை விரல்கள் ஒன்றொன்றாக மடங்கி நீண்டன. நயினார் கண்ணைத் திறந்து, முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு கூட்டத்தைப் பார்த்தார், பிறகு தங்கையைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று கேட்க, டீ மாஸ்டர் ஸ்டவ்வை அணைத்தார்.

"ஏட்டி" என்றார் நயினார். "இந்தக் கொடத்த என்னைக்கு வெளக்குன? பாசி வாடை அடிக்கி."

ஆவுடையம்மாளிடமிருந்து வந்தது பாருங்கள் ஒரு குரல்.

"ஆமா, பதினெட்டு வருசமா எட்டிப் பாக்காத தொரைக்கு வெளக்கிக் கவுத்தி வெச்சிருக்கணுமோ? ஒன் ஆளுகளக் குடியேத்திக் குடத்தையே தொடவிடாம பண்ணிட்டு, பேச்சப் பாரு!"

"யாரு எட்டிப் பாக்கல? கேட்டு அடைச்சிருந்தா நான் ரயிலத் தூக்கியா கடாச முடியும்?"

"முந்துன பஸ்ஸுல வந்திருக்கணும்!"

"ஒம்பது தட்டத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுலயா?"

"அதுக்கு? நாலு நிமிசத்துல நான் எவன் மடியத் தேடுவேன்?"

"கரண்டியோட ஆக்குப்பொரையில நின்னவன் மடிதான் கெடச்சுதோ ஒனக்கு?"

டாக்டர் மெர்சி ரத்த அழுத்தம் ஏறிவிடும் என்று எச்சரித்தார். யாரும் கேட்கவில்லை. கொம்பையா நடுவே புகுந்து, முதலில் யார் வாக்கு உடைந்தது, கை குழித்தது கேட்டதாகுமா, படியில் உட்கார்ந்தவர் வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தீர்த்துக்கொள்ளலாம் என்றார். "சும்மா இரும்வே!" என்று அண்ணனும் தங்கையும் ஒரே குரலில் கத்தினார்கள். ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து சாப்பிடப் போனது. சாப்பிட்டுத் திரும்பி வந்தபோதும் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. ரயில்வே கேட்டிலிருந்து தட்டுகளுக்கு வந்து, தட்டுகளிலிருந்து, நயினார் பெண்டாட்டி, செத்துப்போன மைனி, ஆசையாகக் கேட்ட மாம்பழத்தை ஆவுடையம்மாள் தன் கையால் ஒருநாள்கூடக் கொடுக்க முடியாமல் போனதற்கு வந்து, அங்கே இரண்டு பேரும் கொஞ்சம் அழுது, மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சமையல் மாஸ்டரிடம் வந்து நின்றது.

கத்திக் கத்தி நயினாருக்குத் தொண்டை வறண்டது. கத்திக்கொண்டே ஆவுடையம்மாள் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். கத்திக்கொண்டே அவர் வாங்கி, அண்ணாந்து, ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். அந்தத் தண்ணீரை அவர் கேட்கவில்லை. அவள் கொடுத்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.